தகப்பன் வீட்டுப் பெட்டி

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் தனசிங் அண்ணன் என்னைக் காரிலேயே வீட்டில் கொண்டுவந்து விட்டார். அண்ணன் சும்மா கொண்டுவந்து விடுகிற ஆள் இல்லை. வாசலில் இறங்கும்போது விஷயம் வந்தது. நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, பெத்தேல்விளையில் குடும்பக் கூடுகை. அதற்குள் குடும்ப வரலாற்றுப் புத்தகம் அச்சாகிவிட வேண்டும். ஆண்கள் பகுதியை அண்ணன் எழுதி முடித்துவிட்டார். நூற்றுப்பத்துப் பக்கம். பெண்கள் பகுதியை நான் எழுத வேண்டுமாம்.

"எத்தனை பக்கம்ணே?"

"ஒரு நாலு பக்கம் வருமா?"

அத்தனை பேரையும் ஆண்களே பெற்றுப்போட்டார்கள் போலிருக்கிறது. சரி என்றேன். முப்பது வருஷம் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் டாக்டர்களின் கிறுக்கலை வாசித்தவளுக்குப் பழைய சபைப் பதிவேடா கஷ்டம்?

முக்கியமாகச் சார்லத்தம்மாளைப் பற்றி எழுதச் சொன்னார். எங்கள் அப்பாவின் அப்பாவைப் பெற்றவள். உபதேசியார் மாசிலாமணியின் மனைவி. நாலு கிணற்றுப் பண்ணையாரின் ஒரே மகள், ஆண்டவருக்காகச் சொத்தையெல்லாம் உதறிவிட்டு ஒரே ஒரு பெட்டியோடு வந்தவள் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். நாலு கிணறு இருந்த அந்தப் பண்ணையாருக்குப் பேரும் ஊரும் மட்டும்தான் இல்லை. அதைக் கண்டுபிடித்து எழுது என்கிறார்.

என் மகள் ஜெமிமாவின் விஷயத்தை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

முனைக் கடையில் கொடியேற்றி, காலை ஆறு மணிக்கே ஒலிபெருக்கியை அலறவிட்டார்கள். நார்த்தங்காய் நறுக்கி உப்பில் போட்டேன். ஜெமிமா போன் செய்தாள். உப்புக் கையோடு எப்படி எடுப்பது? சாயங்காலம் மறுபடியும் செய்தாள். அப்போது கை சும்மாதான் இருந்தது.

எழுத உட்கார்ந்தால் எழுதிவிட வேண்டியதுதான். என் மகள் கோயம்புத்தூரில் பிசியோதெரபிஸ்ட். கூட வேலை பார்க்கும் செழியனைக் கட்டிக்கொள்வேன் என்கிறாள். வேலூர்ப் பக்கத்துப் பையன். கிறிஸ்தவன்தான், நம் சபைதான். ஆனால் நம்மவர்கள் இல்லை. ஜூனில் அண்ணனிடம் சொன்னபோது காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"சபையில சகோதரன்தான். பக்கத்துல முழங்கால் போட்டு நற்கருணை எடுக்கலாம். சம்பந்தம்னு வந்தா அது வேற. நாலு தலைமுறையா ஒரு கலப்பு கிடையாது நம்ம குடும்பத்துல."

என் வீட்டுக்காரர் தவறியபோது ஜெமிமா எட்டாம் வகுப்பு. அன்றிலிருந்து எங்களுக்குத் தூணாக நின்றவர் அண்ணன். அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு என் வாயிலிருந்து வந்ததே கிடையாது. ஜூனிலும் வரவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

பெத்தேல்விளைக்குப் பஸ்ஸில் போனேன். ஓட்டுநர் வழியெல்லாம் யாரையோ துரத்துகிறவர் போல ஓட்டினார். இடுப்பு போயிற்று.

புது பாஸ்டரய்யா சின்ன வயது. பீரோவைத் திறந்து கல்யாணப் பதிவேட்டைப் பக்குவமாக எடுத்து வைத்தார். 1888, மே மாதம். மாப்பிள்ளை மாசிலாமணி, தகப்பன் பெயர், ஊர், தொழில் எல்லாம் முத்து முத்தாக இருக்கிறது. பெண், சார்லத். வயது சுமார் பதினேழு. ஊர் என்ற இடத்தில் 'ஆனந்தகுளம் போர்டிங்'. தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு.

"எழுதினவருக்குப் பசி வேளை போலிருக்கு" என்றேன்.

பாஸ்டரய்யா சிரிக்கவில்லை. "அம்மா, அந்தக் காலத்துல கோடு போட்டா, சும்மா போடமாட்டாங்க."

பண்ணையார் மகளைப் போர்டிங்கில் படிக்க வைத்திருப்பார். வசதியான வீடு அல்லவா. ஆனந்தகுளத்தில் கேட்டால் தெரிந்துவிடும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இடுப்பு வலி. கோயிலுக்குப் போகவில்லை. அந்தக் கோடு கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

செப்டம்பர் 6, சனி

இன்று ஜெமிமாவின் போனை எடுத்துவிட்டேன். எத்தனை நாள்தான் நார்த்தங்காயைச் சொல்வது.

"யம்மா, ஜனவரி இருபத்தொண்ணு வச்சிருக்கோம். பாளையங்கோட்டையிலதான். நீ வருவியா மாட்டியா, அதை மட்டும் சொல்லு."

"பெரியமாமா என்ன சொல்லுதாங்கன்னு..."

"மாமாட்ட நான் பேசிட்டேன். வரமாட்டாங்களாம். பெட்டியும் கிடையாதாம்." பிறகு, "நகை வேண்டாம்மா எனக்கு. பெட்டி மட்டும் போதும். எல்லா அக்காமாரும் வாங்கினதுதான?" என்றாள். என் மகள் சுலபத்தில் அழுகிறவள் இல்லை. அழுதாள்.

எங்கள் குடும்பத்துப் பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை, குடும்பத்தின் மூத்த ஆண் ஒரு பெட்டி கொடுப்பார். பெயரே தகப்பன் வீட்டுப் பெட்டி. உள்ளே ஒரு வெள்ளைச் சேலை, வேதாகமம், பாட்டுப் புத்தகம், ஒரு சாப்பாட்டுத் தட்டு, ஊசி, நூல்கண்டு, ஒரு கத்தரிக்கோல். கடைசியில் ஒரு படி அரிசி. பெட்டியும் சாமானும் புதிதாக வாங்குவது. அரிசி அளக்கிற மரப்படி மட்டும் பழையது. சார்லத்தம்மாள் காலத்துப் படி, மூத்தவர் வீட்டில் இருக்கும், இப்போது அண்ணன் வீட்டில். அளக்கும்போது தலை தட்டக் கூடாது. குவித்து அளக்க வேண்டும். சிந்துகிற அரிசியைப் பெண் முந்தானையில் ஏந்திக்கொள்ள வேண்டும்.

எனக்கு அப்பா அளந்தார். அவர் அள்ளி அள்ளிக் குவித்ததில் பாதி அரிசி என் மடியில்தான் விழுந்தது.

என் மாமியார் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "கல்யாணப் பெட்டியில எவளாவது கத்தரிக்கோல் வைப்பாளா? உறவை வெட்டவா?" என்று ஏசித் தீர்த்துவிட்டாள். நம்மவர்களில் வேறு எந்தக் குடும்பத்திலும் இந்த வழக்கம் கிடையாது. அதுதான் எங்களுக்குப் பெருமை. பண்ணையார் வீட்டு வழக்கமாக்கும்.

போனில் மகளிடம், "பாப்போம்" என்றேன். சாதத்தை அடிப்பிடிக்க விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

ஆனந்தகுளம் போய் வந்தேன். பதிவேட்டில் சார்லத் பெயர் இருக்கிறது. நல்ல வெயில். தலை சுற்றுகிறது. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

செப்டம்பர் 20, சனி

பிரஷர் பார்த்துக்கொண்டேன். சரியாகத்தான் இருக்கிறது. வெயிலைக் குற்றம் சொல்ல முடியாது.

செப்டம்பர் 22, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

போர்டிங் இப்போது பெண் பிள்ளைகள் ஹாஸ்டல். வார்டன் கிரேஸ்லின் என் வயதுதான் இருப்பாள். தன் அறையிலேயே மேஜை போட்டுக் கொடுத்தாள். ஞானஸ்நானப் பதிவேட்டில் 1878-ஆம் வருஷம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பக்கம் நிறையப் பெண் பிள்ளைகள். எமிலி, ஜார்ஜினா, அகஸ்டா, சார்லத். எல்லாம் துரைசாணிப் பெயர்கள்.

"என்ன வார்டனம்மா, எல்லாம் சீமைப் பேரா இருக்கு?"

"தாது வருசப் பஞ்சத்துல வந்த பிள்ளைங்கம்மா. வெளிநாட்டுல ஒரு அம்மா பணம் அனுப்பி ஒரு பிள்ளையத் தாங்குவாங்க. தாங்குறவங்க பேரையே பிள்ளைக்கு வச்சிருவாங்க."

சார்லத் என்ற பெயரை வைத்தே எங்கள் அண்ணன் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரத் துரைசாணியே முன்நின்று பெயர் சூட்டும் அளவுக்குச் செல்வாக்கான குடும்பமாம்.

முந்தின பெயர் என்று ஒரு பத்தி. பேச்சி, மாடத்தி, சுடலி என்று மற்ற பிள்ளைகளுக்கு இருக்கிறது. சார்லத்துக்கு நேராக 'சொல்லவில்லை' என்று எழுதியிருக்கிறது. வயது சுமார் ஏழு. தகப்பன், கோடு. ஊர், 'மங்கம்மாள் சாலை ஓரம்'.

ஏழு வயதுப் பிள்ளைக்குத் தன் பெயர் தெரியாமல் இருக்குமா? தெரிந்திருக்கும். அவள் சொல்லவில்லை. யார் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்களோ அவர்களைச் சாலையில் விட்டுவிட்டு வந்த பிள்ளை எதற்குச் சொல்ல வேண்டும்?

அப்போதும் எனக்கு மனசு வரவில்லை. இது வேறு சார்லத்தாக இருக்கும், துரைசாணிகளில் ஒரு சார்லத்தா உண்டு என்று சொல்லிக்கொண்டேன். புறப்படலாம் என்று எழுந்தபோது வார்டன் என்னை அடுத்த அறைக்குக் கூப்பிட்டாள். மரியபுஷ்பம் என்று ஒரு பெண், அங்கேயே வளர்ந்து நர்ஸ் படிப்பு முடித்தவள். யாரும் கிடையாது. மறுநாள் கல்யாணம். கட்டிலில் புது சூட்கேஸ் திறந்து கிடந்தது.

வெள்ளைச் சேலை. வேதாகமம். பாட்டுப் புத்தகம். எவர்சில்வர் தட்டு. ஊசி, நூல்கண்டு. கத்தரிக்கோல்.

"கத்தரிக்கோல் எதுக்கு?" என்று கேட்டேன்.

"இங்கன அதுதான் வழக்கம், ஆரம்பத்துலேருந்தே. தையல் தெரிஞ்ச பிள்ள எங்க போனாலும் பொழச்சுக்கிடும்லா? கொடுத்துவிட ஒரு தகப்பன் வீடு இல்லாத பிள்ளைங்களுக்கு நாங்க கொடுத்துவிடுத பெட்டி இது."

அரிசி வந்தது. வார்டன் படியில் குவித்து அளந்தாள். அந்தப் பெண் துப்பட்டாவில் ஏந்தினாள். "பட்டினியில வந்து ஏறுன பிள்ளைங்க. போகும்போதாவது தலை தட்டாம அளக்கணும்னு அந்தக் காலத்து ஆட்கள் வச்சது" என்று வார்டன் சொல்லிக்கொண்டே போனாள். நான் அந்தப் பெண்ணின் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தார்கள். வெயில் என்றேன்.

பண்ணையாரும் இல்லை, கிணறும் இல்லை. யாரோ பெற்று, பஞ்சத்தில் சாலையோரம் கிடந்த பிள்ளை. எந்த ஊர், எந்த ஜாதி என்று இனி யாராலும் சொல்ல முடியாது. தன் மகளைக் கட்டிக்கொடுக்கும்போது ஒரு தாய் என்னவெல்லாம் கொடுத்துவிட வேண்டும் என்று சார்லத்துக்குச் சொல்லித்தர ஒருத்தி இல்லை. தனக்குக் கிடைத்ததையே எடுத்துக் கொடுத்தாள். அதற்குத் தகப்பன் வீட்டுப் பெட்டி என்று பெயரும் வைத்தாள்.

பஸ்ஸில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள், துட்டி கேட்கச் சாவு வீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்து, யார் என்று கேட்டாள். எங்க பூட்டி என்றேன். "வயசானவங்களா?" என்றாள். ஏழு வயசு என்று சொல்ல வாய் வந்தது. ஆமா என்றேன்.

இன்று காலை ஜெமிமாவுக்கு நானே போன் செய்தேன்.

"லீவு கிடைச்சா அந்தப் பையனக் கூட்டிட்டு வா. என்ன சாப்பிடுவான்?"

"யம்மா? உனக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. கேட்டதுக்குப் பதில் சொல்லுட்டி."

அக்டோபர் 5, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போனேன். மைனி ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். அண்ணனிடம், பதிவேட்டில் பார்த்தது, சூட்கேஸில் பார்த்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். முடிப்பதற்குள் ஆப்பம் ஆறிப்போயிற்று.

"ஏட்டி பியூலா, இதெல்லாம் அந்தப் பையனுக்காகத்தான தோண்டுத?"

"புத்தகத்துக்காகத்தாண்ணே" என்றேன். எனக்கே அது பொய்யாகக் கேட்டது.

"அப்பா பொய் சொன்னாங்களா? தாத்தா பொய் சொன்னாங்களா?"

"பொய்யின்னு ஏன் நினைக்கணும்? ஒரு பிள்ள தன் அம்மாவுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்திருக்கு. வாயாலயே கட்டியிருக்கு. நாலு கிணறும் வெட்டிக் கொடுத்திருக்கு."

"எம்மவன் ரூபனுக்குப் பொண்ணு பேசிக்கிட்டிருக்கேன். நாளைக்கு அவங்க கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" குரலை உயர்த்தினவர் சட்டென்று தணிந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ நாம யாரு பியூலா?"

எழுபது வயது மனுஷன் இப்படிக் கேட்கிறார். எங்களுக்காக எத்தனை வாசலில் போய் நின்றவர்.

"சார்லத் பிள்ளைங்கதாண்ணே. அதுல என்ன சந்தேகம்?"

எழுந்து உள்ளே போய்விட்டார். மைனி ஆப்பத்தைத் தூக்குச்சட்டியில் போட்டுக் கொடுத்தாள். "அவங்க ராத்திரி தூங்கமாட்டாங்க பாத்துக்கோ" என்றாள். திட்டுகிறாளா, வருத்தப்படுகிறாளா என்று தெரியவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

செழியன் நேற்றும் இன்றும் இருந்துவிட்டுப் போனான். ஒல்லியாக, உயரமாக, நிலைப்படியில் இரண்டு தடவை தலையை இடித்துக்கொண்டான். இரண்டாவது தடவை எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். மீன் குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கினான்.

"உங்க அம்மா என்ன செய்றாங்க?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில ஆயா வேலைங்க ஆன்ட்டி. அடுத்த வருஷம் ரிட்டயர்டு."

மழுப்பாமல் சொன்னான். உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அவனும் கேட்டான். சார்லத்தைப் பற்றிச் சொன்னேன். வெளியாளிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. கேட்டுவிட்டு, "எங்க அப்பாவோட தாத்தாவுக்கு அந்தாண்ட யாருன்னு எங்களுக்கும் தெரியாது ஆன்ட்டி. யாரும் எழுதி வைக்கல" என்றான்.

ஜெமிமா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். போய் மாவைக் கரை என்று விரட்டினேன்.

அக்டோபர் 27, திங்கள்

புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. ரூபன் ஒரு பிரதி கொண்டுவந்து கொடுத்தான். பெண்கள் பகுதி நாலே பக்கம். 'சார்லத்தம்மாள், செல்வச் செழிப்புமிக்க பண்ணையார் ஒருவரின் ஏக புத்திரி' என்று போட்டிருக்கிறது. நான் எழுதிக் கொடுக்காமலே கீழே எழுதியவர் என்று என் பெயர்.

அண்ணன் மேல் இவ்வளவு கோபம் எனக்கு வந்ததே இல்லை. புத்தகத்தைத் தூக்கி அலமாரியில் எறிந்தேன். பிறகு அட்டை மடங்கிவிட்டதே என்று எடுத்து நிமிர்த்தினேன். புத்தி அப்படி.

நவம்பர் 2, ஞாயிறு

காலையிலேயே பெத்தேல்விளை. பம்பாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்திருந்தார்கள். ஜெமிமா வரவில்லை. வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

மத்தியானம் கறிச்சோறு. பிறகு கல்லறைத் தோட்டத்தில் எல்லாக் கல்லறைக்கும் சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினோம். சார்லத்தம்மாள் கல்லறை ஓரத்தில் இருக்கிறது. பாஸ்டரய்யா ஜெபித்தார். அடுத்து அண்ணன், "இப்போ என் தங்கச்சி பியூலா, பெண்கள் பகுதியை வாசிப்பாங்க" என்றார். என் கையில் புத்தகத்தைக் கொடுத்தார். கண்ணைப் பார்க்கவில்லை.

நிகழ்ச்சி நிரலில் என் பெயர் இருந்தது தெரியும். வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவது என்றுதான் வந்திருந்தேன், சத்தியமாக. பக்கத்தைத் திறந்தேன். 'செல்வச் செழிப்புமிக்க' என்ற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவள் கல்லறை முன்னால் நின்று, அவளுக்கு எதிரிலேயே, இல்லாத ஒரு தகப்பனை எப்படி வாசிப்பேன்?

புத்தகத்தை மூடிவிட்டு வாயால் சொன்னேன். எங்க பூட்டிக்கு ஊர் தெரியாது. தகப்பன் பேரு தெரியாது. தாது வருசப் பஞ்சத்துல சாலையோரம் கிடந்த பிள்ளை. பெத்தவங்க வச்ச பேரக்கூட அவ யாருக்கும் சொல்லல. ஆனந்தகுளத்துல அவளக் கட்டிக்கொடுக்கும்போது கொடுத்த அநாதைப் பெட்டியத்தான் நாம தகப்பன் வீட்டுப் பெட்டின்னு இன்னைக்கு வரைக்கும் கொடுத்துக்கிட்டு வாரோம். நம்ம குடும்பத்துக்கு இதுதான் ஆரம்பம். எனக்கு இதுல ஒரு வெக்கமும் இல்ல.

பம்பாய் எமல்டா அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்போ கத்தரிக்கோல் அதுக்குத்தானா? ஐயோ, என் மாமியாகிட்ட அதுக்கு எத்தனை ஏச்சு வாங்கினேன்!" என்றாள். சிரிப்பாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த பெண்கள், கட்டிக்கொடுத்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து அந்த ஓரத்துக் கல்லறையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஆண்கள் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றார்கள்.

அண்ணன் காரில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் பஸ்ஸில் வந்தேன்.

நவம்பர் 3, திங்கள்

போன் செய்தேன். அண்ணன் எடுக்கவில்லை. உப்புக் கையாக இருக்கும்.

டிசம்பர் 25, வியாழன்

முதல் தடவையாக அண்ணன் வீட்டுக் கேக் வராத கிறிஸ்மஸ். கோயிலில் மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார். முதுகு கொஞ்சம் கூனியிருக்கிறது. என் வீட்டு முறுக்கை மைனியிடம் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டாள்.

ரூபனுக்குப் பேசிய இடம் தள்ளிப்போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். என்னாலா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஜனவரி 14, புதன்

பெட்டி வாங்கிவிட்டேன். தேக்கு கிடையாது, தகரப் பெட்டி, பச்சை நிறம். சேலை, வேதாகமம், பாட்டுப் புத்தகம், தட்டு, ஊசி, நூல். கத்தரிக்கோலுக்கு மட்டும் நாலு கடை ஏறினேன். நல்ல எஃகாக இருக்க வேண்டும்.

மூத்தவர் கொடுக்காவிட்டால் யார் கொடுப்பது என்று ஜெமிமா கேட்டாள். "ஆனந்தகுளத்துல வார்டன்தான் கொடுக்கா. யாரு வேணாலும் கொடுக்கலாம். வாங்குத பிள்ள ஒண்ணு இருந்தா போதும்" என்றேன்.

படிக்கு என்ன செய்வது என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாத்திரக் கடையில் எவர்சில்வர் படி ஒன்று வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

வீடு நிறைய ஆட்கள். செழியனின் அம்மா வந்ததிலிருந்து உட்காரவே இல்லை. பாத்திரம் கழுவ வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்தே கழுவினோம்.

சாயங்காலம் பெட்டியைக் கூடத்தில் வைத்து, ஜெமிமாவைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். புதுப் படியை எடுக்க அலமாரியைத் திறந்தபோது வாசலில் ஆட்டோ. மைனி தனியாக இறங்கினாள். நல்ல சேலைகூடக் கட்டவில்லை, வீட்டில் கட்டுகிற சேலை. கக்கத்தில் துண்டால் சுற்றிய ஏதோ ஒன்று. அவிழ்த்தாள். மரப்படி.

"அண்ணன் அனுப்பினாங்களா?" என்று கேட்டேன்.

"அவங்க எங்க அனுப்புவாங்க? நான்தான் பீரோவத் தொறந்து எடுத்தேன். எடுக்கையில பின்னாலயே வந்து நின்னுட்டாங்க. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நீ போறியான்னு கேட்டாங்க. போறேன்னேன்."

"வேற ஒண்ணும் சொல்லலையா மைனி?"

"ஆட்டோ வரைக்கும் வந்தாங்க. ஏறி உக்காந்த பிறகு, 'அவகிட்ட சொல்லு, தலை தட்டிராம அளக்கச் சொல்லு' அப்டின்னாங்க. அவ்வளவுதான். திரும்பி உள்ள போயிட்டாங்க."

படியைக் கையில் வாங்கினேன். அடியில் பழைய அரிசித் தவிடு ஒட்டியிருந்தது. என் கல்யாணத்து அரிசியாகவும் இருக்கலாம். அரிசியை அள்ளிக் குவித்தேன். அப்பா அளந்தது போலவே பாதி வெளியே சிந்தியது. செழியனின் அம்மா ஒரு பக்கமும் மைனி ஒரு பக்கமும் ஜெமிமாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"யம்மா, சிந்துதே, போதும்மா" என்றாள் ஜெமிமா.

"ஏட்டி, இரு" என்று சொல்லிவிட்டு, மேலே இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டேன்.